சொந்தப் பாட்டுக்கு வீடியோ எடுக்கிறோம்: ஒரே நாளில் எட்டு லொகேஷன் முடியுமா?

முத்துநகர்ப் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் பி.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கிறோம். ஏழு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்டுப் பண்ணியிருக்கிறோம். ராப் எழுதியதும் பாடியதும் நான். கோரஸ் எங்கள் வகுப்புத் தோழி பாடினாள். மொத்தம் 3 நிமிடம் 20 விநாடி, டெம்போ நிமிடத்துக்கு 96 தட்டு. பாட்டு எங்கள் ஊரைப் பற்றியது. உப்பளத்துக்குப் போகிற அம்மா, கடலுக்குப் போகிற அப்பா, படித்து முடித்துச் சென்னைக்குக் கிளம்பப் போகிற பையன். மார்ச் கடைசியில் காலேஜ் டே. அன்றைக்கு ஆடிட்டோரியத்தில் போட்டுக் காட்ட எச்ஓடி சம்மதித்துவிட்டார். அப்புறம் யூடியூபில் ஏற்ற வேண்டும்.

கையில் இருப்பது: நண்பனுடைய அண்ணனின் கேனான் 200டி, அதற்குக் கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம். இரண்டு போன். இரவல் கிம்பல் (ஆடாமல் எடுக்க உதவும் பிடி). ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த 12,000 ரூபாய். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு ஒரே நாளில் முடிப்பதாகத் திட்டம். காலை உப்பளம், பிறகு பனிமய மாதா கோயில் முன்னால், துறைமுகம், முயல் தீவு, திரேஸ்புரம், மதியம் மணப்பாடு (அங்கே டிரோன்), திரும்பி வந்து ரோச் பூங்காவில் சூரிய அஸ்தமனம், கடைசியாகக் காலேஜ் வாசல். கதையும் உண்டு: ஹீரோ ஒரு பெண்ணைக் காதலிக்கிறான், அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிறது, அவன் ஊரை விட்டுப் போகிறான்.

போன வாரம் சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம். குளோசப்பில் வாயசைப்பு பாட்டோடு சரியாக ஒட்டுகிறது. தூரத்தில் நின்று பாடுகிற ஷாட்டில் மட்டும் வாய் பிந்துகிறது. எடிட்டில் பாட்டை எவ்வளவு தள்ளி வைத்தாலும் ஒரு ஷாட்டுக்குச் சரியானது இன்னொரு ஷாட்டுக்குச் சரியாக வரவில்லை. இரண்டாவது, ஸ்லோ மோஷனில் நடந்துகொண்டே பாடுகிற மாதிரி, ஆனால் வாய் மட்டும் பாட்டோடு ஒட்டுகிற மாதிரி எடுப்பார்களே, அது எப்படி? மூன்றாவது, கோரஸ் பாடின தோழியின் வீட்டில் குரல் கொடுக்க மட்டும்தான் சம்மதம். கேமரா முன்னால் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பதில் வேறு யாரையாவது வாயசைக்க வைத்தால் தப்பாகத் தெரியுமா?

அனுபவம் உள்ள அண்ணன்மார் அக்காமார் சொல்லுங்கள்.


கோவில்பட்டி கேமரா எழுதியது:

தம்பி, நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அதற்கு முன்னால் வடபழனியில் கொஞ்ச காலம் அசிஸ்டெண்டாக ஓடியிருக்கிறேன், பாட்டு ஷூட்டிங் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வாய் பிந்துவதை முதலில் முடித்துவிடலாம். டெஸ்ட் எடுத்தபோது ஸ்பீக்கரைக் கேமரா பக்கத்தில் வைத்திருப்பீர்கள். சத்தம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். விநாடிக்கு 25 பிரேமில் (25 படமாக) எடுத்தால் ஒரு பிரேம் என்பது 40 மில்லி விநாடி, அதற்குள் சத்தம் பதினான்கு மீட்டர்கூடத் தாண்டாது. நீங்கள் 40 மீட்டர் தள்ளி நின்று பாடினால் பாட்டு உங்கள் காதுக்கு வரவே மூன்று பிரேம் ஆகிவிடும். அதைக் கேட்டுத்தானே வாயசைக்கிறீர்கள்? கேமரா மைக்கோ உடனே கேட்டுவிட்டது. அதனால்தான் குளோசப்பில் ஒட்டுவது லாங் ஷாட்டில் ஒட்டவில்லை. தூரம் மாற மாற வித்தியாசமும் மாறும்.

ஸ்பீக்கர் எப்போதும் பாடுகிறவன் காலடியில், பிரேமுக்கு வெளியே. கேமரா எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் அப்படி வைத்தால் கேமரா மைக்குக்கு மூன்று பிரேம் தாமதம் வரும், எடிட்டில் சத்த அலையைப் பார்த்து ஒட்டினால் இப்போது வாய் முந்தும். ஆகவே லாங் ஷாட்டில் கேமரா சத்தத்தை நம்பாதீர்கள். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் டெம்போவுக்கு ஏற்ப நாலு பீப் சேர்த்து ஒரு பிளேபேக் காப்பி செய்துகொள்ளுங்கள். நாலாவது பீப்பில் பாடுகிறவனே தலைக்கு மேலே கை தூக்கி ஒரு தட்டு தட்டட்டும். எடிட்டில் உள்ளங்கை சேர்கிற பிரேமை அந்தப் பீப் மேல் வைத்தால் முடிந்தது. கிளாப் போர்டு எல்லாம் தேவையில்லை.

இன்னொன்று, வாயை மட்டும் அசைக்காதே, தொண்டை திறந்து கத்திப் பாடு. கழுத்து நரம்பும் மூச்சும் தெரியாவிட்டால் எவ்வளவு கச்சிதமாக ஒட்டினாலும் பொய்யாகத்தான் இருக்கும். தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டு முணுமுணுப்பவர்கள்தான் அதிகம்.

ஸ்லோ மோஷன்: கேமரா மெனுவில் பால் (PAL என்ற வீடியோ முறை) போட்டு, 50 பிரேமில் எடுங்கள். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். அந்த வேகத்துக்கே பாடுங்கள். எடிட்டில் 25 பிரேம் டைம்லைனில் பாதி வேகமாக்கினால் வாய் அசல் பாட்டோடு ஒட்டும், சட்டையும் முடியும் மணலும் மெதுவாக ஆடும். ஆனால் ராப்பை இரண்டு மடங்கு வேகத்தில் பாடிப் பார், நாக்கு பின்னிக்கொள்ளும். இழுத்துப் பாடுகிற கோரஸ் வரிகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். பால் என்று சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் இருக்கிற இடத்தில் ஷட்டர் 1/50 விநாடி, இல்லையென்றால் 1/100. மறந்துபோய் 1/60-ல் வைத்தால் லைட் துடிப்பது படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

இனி திட்டத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மூன்று நிமிடம் இருபது விநாடி என்பது 200 விநாடி. எட்டு லொகேஷன் என்றால் ஒன்றுக்கு 25 விநாடி. அந்த 25 விநாடிக்காக மணப்பாடு போய் வர மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் என்னவெல்லாம் எடுக்கலாம் தெரியுமா? அப்புறம், ரோச் பூங்காவில் அஸ்தமனம் என்று எழுதியிருக்கிறாய். கடல் உனக்குக் கிழக்கே இருக்கிறது தம்பி. அங்கே சூரியன் உதிக்கும். அஸ்தமிப்பதைப் பார்க்கக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஊர்க்காரனே இப்படி எழுதினால் எப்படி? இதைத் திருப்பிப் போட்டாலே பாதித் திட்டம் சரியாகிவிடும். விடியற்காலை கடற்கரை, சாயங்காலம் உப்பளம். பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது மேற்கே இறங்குகிற சூரியன் அப்படியே தரையில் விழும்.

துறைமுகத்தை மறந்துவிடு. உள்ளே மத்திய தொழிற் பாதுகாப்புப் படை இருக்கிறது, கேமராவை வெளியே எடுத்தாலே கூப்பிட்டு விசாரிப்பார்கள். டிரோன் விஷயமும் அதே கதைதான். 2021 விதிப்படி வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். 250 கிராமுக்குள் இருக்கிற சின்ன டிரோனுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பதை வைத்துக்கொண்டு எங்கேயும் பறக்கலாம் என்று சொல்வார்கள், நம்பாதே. உங்கள் ஊரில் துறைமுகம், அனல் மின் நிலையம், வாகைக்குளம் விமான நிலையம் எல்லாம் இருக்கிறது. டிரோன் வாடகையை மிச்சம் பிடித்து ஒரு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸில் மாட்டும் கண்ணாடி) வாங்கு. பகல் வெயிலில் ஷட்டரை 1/50-ல் வைக்க அது இல்லாமல் முடியாது.

காதல் கதை. பாட்டு அம்மா அப்பாவைப் பற்றி, ஊரைப் பற்றி என்று நீதான் சொல்கிறாய். அதில் ஒரு வரிகூடக் காதல் இல்லை. பிறகு அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள்? ஆல்பம் பாட்டு என்றால் ஒரு காதல் தோல்வி இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ சட்டம் போட்ட மாதிரி எல்லாரும் எடுக்கிறார்கள். கதையை எடுத்துவிட்டால் நடிக்க ஆள் தேட வேண்டாம், ரெண்டு செட் உடை வேண்டாம், நிச்சயதார்த்த வீடு வேண்டாம்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். டெம்போ 96 என்றால் ஒரு பார் (நாலு தட்டு) இரண்டரை விநாடி. 200 விநாடிக்குச் சரியாக 80 பார் வருகிறது. ஒரு நோட்டில் 1 முதல் 80 வரை எழுது. இன்ட்ரோ எந்தப் பார் வரை, முதல் வெர்ஸ் எது வரை, கோரஸ் எங்கே விழுகிறது என்று கோடு போடு. ஒவ்வொரு நாலு பாருக்கும் எதிரே இரண்டே விஷயம்: யார் தெரிகிறார்கள், பாடுகிறார்களா இல்லையா. பாட்டு முழுக்க நீ பாடிக்கொண்டே நின்றால் இரண்டாவது வெர்ஸில் ஆடியன்ஸ் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடும். பாதிக்கு மேல் வாயசைப்பு வேண்டாம்.

அப்புறம், துண்டு துண்டாக எடுக்காதே. தேர்ந்தெடுத்த ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு லாங், ஒரு மிட், ஒரு குளோசப் என்று முழுசாக ஓடவிட்டு எடு. ஒரு டேக் மூன்றரை நிமிடம், தயாராக இன்னும் ஐந்தாறு நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஐந்து டேக் தாராளமாக வரும். மூன்று இடம் இப்படி எடுத்துவிட்டால், மற்றது எல்லாம் சொதப்பினாலும் பாட்டு முழுசாகக் கையில் இருக்கும். மிச்ச நேரத்தில் கை, கால், வலை, சைக்கிள், டீக்கடை என்று சின்னச் சின்ன ஷாட் பொறுக்கலாம். அந்த நாலு வரி மட்டும் உப்பளத்தில், அடுத்த நாலு வரி கடற்கரையில் என்று அளந்து எடுத்து வருகிறவர்கள் எடிட்டில் உட்கார்ந்து 'இங்கே ஒரு ஷாட் இருந்திருந்தால்' என்று புலம்புவார்கள்.

கோரஸ் விஷயத்தில் தோழியின் வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு பெண்ணை வைத்து ஏமாற்றவும் வேண்டாம். கோரஸை ஊரே பாடட்டும். ஒரு வரிக்கு ஒரு ஆள். டீ மாஸ்டர், வலை பின்னுகிற தாத்தா, உன் அம்மா, டைப்ரைட்டிங் கிளாஸ் அக்கா. பெண் குரலுக்குத் தாத்தா வாயசைத்தால் தப்பாகத் தெரியாதா என்று கேட்காதே. வரிக்கு வரி முகம் மாறும்போது அது யாருடைய குரல் என்ற கேள்வியே வராது. ஒன்று, முன்கூட்டியே அவர்களிடம் வரியை அனுப்பிவிடு. கேமராவை நீட்டிக்கொண்டு போய் அங்கேயே சொல்லிக்கொடுத்தால் வெட்கத்தில் சிரித்துவிடுவார்கள்.


சும்மா ஒரு பார்வையாளன் எழுதியது:

அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். நான் ஒன்றே ஒன்று. கேனான், போன் இரண்டையும் கலக்காதீர்கள். நிறம் ஒட்டாது. எல்லாவற்றையும் போனிலேயே எடுத்துவிடுங்கள்.


கோவில்பட்டி கேமரா எழுதியது:

கலக்கலாம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை (நிறத்தைத் தானாகச் சரிசெய்வதை) இரண்டிலும் நிறுத்திவிட்டு, வெயில், நிழல் என்று இடத்துக்கு ஏற்ற ஒரே அமைப்பை இரண்டிலும் போட்டால் பெரிய வித்தியாசம் வராது. பாடுகிற ஷாட் கேனானில், ஓடுகிற ஷாட் போனில். போனில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக் செய்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேகம் போனாலும் வெளிச்சம் ஏறி இறங்கும்.


அளத்து வீட்டுப் பிள்ளை எழுதியது:

நான் கேமரா பற்றிப் பேசப் போவதில்லை. எங்கள் அம்மா உப்பளத்தில்தான் வேலை பார்க்கிறார்கள். லீவு நாளில் நானும் போயிருக்கிறேன். நீங்கள் பாட்டில் உப்பளத்து அம்மா என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

பிப்ரவரியில் வந்தால் நீங்கள் நினைக்கிற மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்காது. மழைக்காலம் முடிந்து பாத்தியைச் செப்பனிட்டுத் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துகிற வேலை தையில்தான் ஆரம்பிக்கும். போட்டோவில் பார்க்கிற பெரிய பெரிய அம்பாரம் (உப்புக் குவியல்) சித்திரை, வைகாசியில். பிப்ரவரியில் சேறும் தண்ணீரும், அங்கங்கே கொஞ்சம் உப்பும் இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் உங்கள் பாட்டுக்குச் சரி. அம்பாரத்தின் முன்னால் நின்று எடுத்த வீடியோ ஆயிரம் இருக்கிறது. மிதிக்கிற வேலையை யாரும் எடுத்ததில்லை.

பாத்திக்குள் ஷூ போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். தரை உடைந்தால் அதைச் சரிசெய்ய அங்கே வேலை பார்க்கிறவர்கள்தான் மறுபடி மிதிக்க வேண்டும். வரப்பில் நடங்கள். அம்பாரத்தில் ஏறி ஆடுவது, உப்பை அள்ளி வீசுவது, இதெல்லாம் ரீல்ஸ்காரர்கள் செய்கிறார்கள். அது விற்பனைக்குப் போகிற பொருள், நாலு பேருடைய கூலி. வாருபலகையை (உப்பை இழுத்துக் குவிக்கிற பலகை) கையில் வாங்கி போஸ் கொடுக்க ஆசைப்பட்டால் முதலில் ஐந்து நிமிடம் இழுத்துப் பாருங்கள். அப்புறம் உங்கள் முகத்தில் நடிப்பு தானாக வரும்.

அளத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார், ஆனால் களத்தில் கணக்கப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். அவர் சரி என்றால் சரி. வேலை விடியலுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும், வெயில் ஏறினால் முடிந்துவிடும். சாயங்காலம் போனால் ஆள் இருக்க மாட்டார்கள், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நீங்கள் பாடி எடுத்துக்கொள்ளலாம். வேலை செய்கிறவர்களை எடுக்க வேண்டும் என்றால் வேறொரு நாள் காலையில் ஒரே ஒருவர், கேமராவோடு, தனியாக வாருங்கள். ஏழு பேர் ஸ்பீக்கரோடு வந்தால் வேலை நின்றுவிடும், திட்டு எங்கள் அம்மாக்களுக்கு விழும். கேட்காமல் எடுக்காதீர்கள். நிறையப் பேர் வேண்டாம் என்பார்கள். வேலை உடுப்பில், தலையில் துண்டோடு, முகம் கருத்துப்போய் இருக்கிறது, காலேஜில் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்கு வெட்கமாக இருக்கும் என்பதுதான் காரணம். கை, கால் மட்டும் எடுக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். காலில் இருக்கிற வெடிப்பைக் காட்டினாலே உங்கள் முதல் வெர்ஸ் முழுக்கச் சொன்னது வந்துவிடும்.

காலில் கீறல், புண் ஏதாவது இருந்தால் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். எரிச்சல் தாங்காது. கறுப்புக் கண்ணாடி ஒன்று கொண்டு வாருங்கள், ஸ்டைலுக்கு இல்லை.


முத்துநகர்ப் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரவெல்லாம் உட்கார்ந்து பேசினோம். காதல் கதையைத் தூக்கிவிட்டோம் (ஹீரோயினாக நடிக்க இருந்த பெண்ணுக்கு அதில் நிம்மதி). மணப்பாடு, துறைமுகம், முயல் தீவு, டிரோன் எல்லாம் அவுட். கோரஸை ஊர் பாடுவது என்ற யோசனை தோழிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. யார் யார் எந்த வரி என்று அவளே லிஸ்ட் போடுகிறாள், அதாவது கேமராவுக்குப் பின்னால் அவள்தான் டைரக்டர். வீட்டிலும் அதற்குச் சம்மதம், ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் கண்டிஷன்.

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி ஒருநாள் காலையில் நான் மட்டும் வருகிறேன். என் அத்தையும் அளத்துக்குப் போகிறவர்தான், ஆனால் இதையெல்லாம் நான் அவரிடம் கேட்டதே இல்லை.

இரண்டு சந்தேகம். எங்கள் பாட்டின் பீட் (பின்னணி இசை) யூடியூபில் எடுத்தது. தலைப்பில் ஃப்ரீ என்று போட்டிருந்தது. வரி, மெட்டு, குரல் எல்லாம் எங்களுடையது. ஏற்றினால் பிரச்சினை வருமா? இரண்டாவது, எடிட்டுக்கு எது நல்லது? லேப்டாப் தாங்குமா?


டைம்லைன் அக்கா எழுதியது:

விஸ்காம் முடித்து எடிட்டிங்கில் இருக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

பீட் விளக்கத்தை முழுசாகப் படித்தீர்களா? ஃப்ரீ என்று தலைப்பில் இருக்கும், கீழே 'வருமானம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருக்கும், பெயர் போடச் சொல்லியிருப்பார்கள். காலேஜில் போடுவதற்கும், விளம்பரம் ஓடாமல் யூடியூபில் வைப்பதற்கும் பெரும்பாலும் அது போதும். ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் ஏற்ற வேண்டும் என்றால் அந்தப் பீட்டுக்கு லீஸ் (பயன்படுத்தும் உரிமம்) வாங்க வேண்டும். அதே பீட்டை உங்களுக்கு முன்னால் வேறு யாராவது வாங்கிப் பாடி கன்டென்ட் ஐடியில் (யூடியூப் தானாகப் பாட்டை அடையாளம் காணும் அமைப்பு) பதிந்திருந்தால் உங்கள் வீடியோவுக்கு கிளைம் (உரிமை கோரல்) வரலாம். பயப்பட வேண்டாம். கிளைம் வேறு, ஸ்டிரைக் (காப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கை) வேறு. கிளைம் வந்தால் பெரும்பாலும் வருமானம் அவர்களுக்குப் போகும், வீடியோ இருக்கும். ஸ்டிரைக்தான் ஆபத்து. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். பீட் பண்ணினவருக்கு இப்போதே ஒரு மெயில் போட்டு, என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வீடியோவை ஏற்றி பிரைவேட்டில் வைத்தால் கிளைம் இருந்தால் தெரிந்துவிடும். காலேஜ் டே அன்று காலையில் ஏற்றாதீர்கள்.

எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். 8 ஜிபியில் திணறும், அதனால் வந்த கிளிப்பையெல்லாம் முதலில் பிராக்ஸியாக (எடிட்டுக்கான சின்ன நகலாக) மாற்றிவிடுங்கள், இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். அதற்கும் மூச்சு வாங்கினால் போனில் விஎன் ஆப் வைத்து ரஃப் கட் (முதல் வரைவு) மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

போனில் எடுக்கிறவர்கள் யாரும் சொல்லாத ஒரு சிக்கல். போன் பிரேம் ரேட்டை நிலையாக வைக்காது. 30 என்று காட்டும், உள்ளே 29-க்கும் 30-க்கும் நடுவே ஏறி இறங்கும். பாட்டின் ஆரம்பத்தில் ஒட்டின வாய் மூன்றாவது நிமிடத்தில் விலகும், உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் என்று தேர்ந்தெடுத்து 25-க்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குள் கொண்டு வாருங்கள். போனில் 25 பிரேம் வைக்க வழி இருந்தால் எடுக்கும்போதே வைத்துவிடுங்கள்.

எல்லா டேக்கையும் பீப் பார்த்து ஒட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, மல்டிகேமில் (எல்லா டேக்கையும் ஒன்றாகக் காட்டுகிற வசதி) பாட்டை ஓடவிட்டுக்கொண்டே கேமராவை மாற்றி மாற்றி அழுத்துங்கள். முதல் ரஃப் கட் அரை மணி நேரத்தில் வந்துவிடும். முழு டேக் எடுக்கச் சொன்ன அண்ணனுக்கு அப்போது மனசுக்குள் கும்பிடு போடுவீர்கள். தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டாதீர்கள், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ராப்பில் ஒரு வரி முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் முன் வெட்டினால் உறுத்தாது. யாராவது திரும்புகிற, உட்காருகிற அசைவின் நடுவே வெட்டினால் வெட்டினதே தெரியாது.

காலேஜ் ஆடிட்டோரியம் புரொஜெக்டர் உங்கள் லேப்டாப் திரை மாதிரி இருக்காது. ஜன்னல் திரைச்சீலை பாதி மூடாது, பல்ப் பழசாக இருக்கும். கலரிங் செய்யும்போது சினிமா மாதிரி இருட்டாக வைத்தீர்கள் என்றால் அங்கே கறுப்புத்தான் தெரியும். இரண்டு நாள் முன்னால் பென் டிரைவில் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். தேவைப்பட்டால் காலேஜுக்கென்று கொஞ்சம் வெளிச்சமாக ஒரு காப்பி, யூடியூபுக்கு ஒரு காப்பி. சத்தமும் அங்கேயே கேட்டுப் பாருங்கள். பல ஹாலில் இடது பக்கச் சேனல் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் கோரஸ் குரலை வலப்பக்கம் தள்ளி மிக்ஸ் செய்திருந்தால் காணாமல் போய்விடும்.

ஷூட் முடிந்த அன்றே கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மட்.


கோவில்பட்டி கேமரா எழுதியது:

நல்ல பதில்கள். அந்த அளத்து வீட்டுப் பிள்ளை சொன்னதை பிரிண்ட் எடுத்து எல்லாரிடமும் கொடு.

புதுத் திட்டம் பற்றி: அந்தப் பெண் டைரக்டர், ஆறு மணிக்குள் வீடு என்றால் அதைச் சுற்றித்தான் நாளைப் போட வேண்டும். பிப்ரவரி கடைசியில் சூரியன் ஆறரை வாக்கில் உதிக்கும், கிட்டத்தட்ட அதே நேரத்துக்குச் சாயங்காலம் இறங்கும். விடியற்காலை கடற்கரையில் முழு டேக்குகளை ஆரம்பித்தால் எட்டு, எட்டரை வரை நல்ல வெளிச்சம். அதன்பிறகு மண்டையில் வெயில், முகத்தில் கண்ணுக்குக் கீழே குழி விழும். அந்த நேரத்தில் திரேஸ்புரத்துச் சந்து, டீக்கடை உள்ளே, வலைக் கொட்டகை, வீட்டுத் திண்ணை என்று நிழலுக்குள் போய் கோரஸ் ஆட்களை எடுங்கள். அந்த டைரக்டர் பெண்ணுக்கு வேலை அதிகம் உள்ள பகுதியும் அதுதான். முகத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்றால் தெர்மகோல் ஷீட் ஒன்று வாங்கி நிழலுக்கு வெளியே வெயிலில் பிடி, முகத்தில் திருப்பி அடி. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், பெரிய விலை இல்லை. உப்பளம் நாலரைக்கு. கடைசி அரை மணி நேர வெளிச்சத்துக்கு அந்தப் பெண் இருக்க மாட்டார், அதனால் அங்கே என்ன ஷாட் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடச் சொல்.

உப்பளத்தில் கேமரா ஏமாறும். தரை, தண்ணீர், வானம் எல்லாம் பளீர் என்று இருப்பதால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், உன் முகம் கரி மாதிரி வரும். மேனுவலில் முகத்துக்கு வெளிச்சம் வை, வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். டிரைபாட் காலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடை, உப்புத் தண்ணீர் ஸ்க்ரூவைத் தின்றுவிடும். லென்ஸ் மாற்றுகிற வேலை அங்கே வேண்டாம், 50-ஐ மாட்டிக்கொண்டே போ.

பனிமய மாதா கோயில் முன்னால் எடுப்பது என்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பூசை இருக்கும். வேறு நாள் பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். என்னைக் கேட்டால் அதுவும் தேவையில்லை. ஊர் அடையாளத்துக்காக வைக்கிற ஷாட் அது, உன் வரியில் கோயில் இல்லை.

பணத்தில் முதல் செலவு சாப்பாடு. ஏழு பேருக்கும், வந்து வாயசைக்கிறவர்களுக்கும் டீ, வடை, மதியச் சாப்பாடு. பசியில் இருக்கிறவன் நாலாவது டேக்கில் முகத்தைத் தொங்கப்போட்டுவிடுவான், அது படத்தில் தெரியும். அடுத்தது பெட்ரோல். அடுத்தது கேமராவுக்கு இன்னொரு பேட்டரி, ஒன்றை வைத்து முழு நாள் ஓட்ட முடியாது.

ஒருத்தனுக்குப் பிளேபேக் வேலை மட்டும் கொடு. சினிமா செட்டில் பாட்டு ஓட்டச் சொல்ல, பழைய ஆட்கள் இன்னும் 'நாக்ரா' (பழைய டேப் மெஷினின் பெயர்) என்றுதான் குரல் கொடுப்பார்கள், அந்த வேலை. எந்த பாரிலிருந்து வேண்டும் என்றாலும் உடனே ஓட்டத் தெரிந்தவன், நோட்டும் அவன் கையில். அவனே போனில் ரீல்ஸ் எடுக்கக் கூடாது, அவன் போனில்தான் பாட்டு இருக்கிறது, நடுவில் அழைப்பு வந்தால் டேக் போச்சு. ஏர்பிளேன் மோடு.

பார் ஷீட்டை எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து இங்கே போடு. எனக்கு அந்த வாரம் முகூர்த்தம் இருக்கிறது, பகலில் போன் பக்கம் வர மாட்டேன். ராத்திரி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.